நாற்பதும் நாற்பதும் எண்பது!

என் மச்சினனுக்குத் திண்டிவனத்துக்கு மாற்றல் ஆகிவிட்டது. வீடு விழுப்புரத்தில். "பக்கத்து ஊர்தானே!" என்று எல்லோரும் சந்தோஷப்பட்டோம். கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வயிற்றைக் கலக்கியது. போக நாற்பது, வர நாற்பது. தினம் எண்பது கிலோமீட்டர். மாதம் இருபத்தைந்து நாள் என்றால் 2,000. வருஷத்துக்கு 24,000. கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீருக்கு மூன்று தரம் போய்த் திரும்புகிற தூரம், சார்!

பையன் மோட்டார் சைக்கிளில்தான் போய்க்கொண்டிருந்தான். ஜனவரியில் ஒரு ராத்திரி, விக்கிரவாண்டியைத் தாண்டும்போது முன்னால் ஏதோ கறுப்பாகத் தெரிந்ததாம். பின்விளக்கு இல்லாத கரும்பு டிராக்டர். பிரேக்கை அழுத்தி, மண்ணில் இறங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தான். அக்காவிடம், "வழுக்கி விழுந்துட்டேன்" என்றான். என்னிடம் மட்டும் தனியாக, "மாமா, ஒரு அடிதான் பாக்கி" என்றான்.

என் மனைவிக்கு எப்படியோ விஷயம் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் வீடு வரும்வரை அவளுக்குச் சாப்பாடு இறங்காது. "பி.காம். படிச்சிருக்கீங்க இல்ல... அவனுக்கு ஒரு கார் பாருங்க!" என்று உத்தரவு. பி.காமுக்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நண்பரின் காரை இரவல் வாங்கிக்கொண்டு இரண்டு பேரும் கிளம்பினோம். கார் வாங்குமுன் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்பது என் சித்தாந்தம்.

விழுப்புரத்தை விட்டால் முண்டியம்பாக்கம். சர்க்கரை ஆலையும் உண்டு, அரசு மருத்துவக் கல்லூரியும் உண்டு. அரவைக் காலத்தில் கரும்பு வண்டிகள் ஊர்வலம் போகும். அடுத்தது விக்கிரவாண்டி. தஞ்சாவூர் ரோடு இங்கேதான் பிரிகிறது. பிறகு டோல்கேட், மயிலம் முருகனைப் பார்க்கத் திரும்புகிற கூட்டேரிப்பட்டு, அப்புறம் திண்டிவனம். பழைய என்.எச்.45, நாலு வழி. எங்கே பார்த்தாலும் நேர்ரோடு. நேர்ரோடுதான் ஆபத்து, கால் தானாக அமுங்கும்.

"நூறுல போனா சீக்கிரம் போயிடலாம் மாமா."

"எவ்வளவு சீக்கிரம்?" என்றேன். நாற்பது கிலோமீட்டரை எண்பதில் போனால் முப்பது நிமிஷம். நூறில் போனால் இருபத்துநாலு. மிச்சம் ஆறு நிமிஷம்! அந்த ஆறு நிமிஷத்தை ஆபீஸ் கேண்டீனில் டீக்கு வரிசையில் நின்றே தீர்த்துவிடுவான். பெட்ரோல் மட்டும் கூடுதலாகக் குடிக்கும்.

கூட்டேரிப்பட்டில் டீ சொல்லிவிட்டு, பேப்பரை விரித்தேன்.

பெட்ரோல் கார்: விளம்பரத்தில் 24, 25 என்று போடுவார்கள். அது ஆய்வுக்கூடத்து மைலேஜ். நம் ரோட்டுக்கு 20 என்று வைத்துக்கொண்டால் தினம் 4 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தால் 400. மாதம் பத்தாயிரம்.

சி.என்.ஜி. கார்: கிலோவுக்கு 25 கிலோமீட்டர் என்று குறைத்தே வைத்தாலும் 3.2 கிலோ போதும். கிலோ 90 என்றால் தினம் 288. மாதம் 2,800 ரூபாய் மிச்சம். ஆனால் டிக்கியில் பெரும்பகுதியை சிலிண்டர் பிடித்துக்கொள்ளும். பங்க்கில் வரிசை வேறு.

மின்சாரக் கார்: ஒரு யூனிட்டுக்கு எட்டு கிலோமீட்டர் என்றால் பத்து யூனிட். யூனிட் பத்து ரூபாய் என்று வைத்தாலும் நூறு ரூபாய்தான்! ஆனால் வாங்குகிற விலை அதிகம். சொந்தமாகக் கார் நிறுத்தும் இடமும் பிளக்கும் வேண்டும். மச்சினன் குடியிருப்பது மாடி போர்ஷன். மாடியிலிருந்து வயர் தொங்கவிட்டால் வீட்டுக்காரர் நம்மைத் தொங்கவிடுவார்.

டீசல்? ஒரு காலத்தில் தினம் எண்பது கிலோமீட்டருக்கு அதுதான் பதில். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்தபோது மாருதி டீசலையே கைவிட்டது. சின்ன டீசல் கார் இப்போது அபூர்வம்.

டோல் தனி. 2025 ஆகஸ்ட் 15-ல் ஃபாஸ்டாக் வருடப் பாஸ் வந்தபோது 3,000 ரூபாய்க்கு 200 முறை என்றார்கள். ஒரு வருஷமா, இருநூறா, எது முந்துகிறதோ அது. இவனுக்குத் தினம் இரண்டு முறை. நாலே மாதத்தில் தீர்ந்துவிடும். டோல்கேட்டிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் குடியிருக்கிறவர்களின் சொந்தக் காருக்கு மாதப் பாஸ் சலுகை உண்டு. விழுப்புரத்துக்காரர்கள் முகவரிச் சான்றோடு போய் அதை முதலில் விசாரிப்பது உத்தமம்.

"ரயில் என்ன பாவம் பண்ணுச்சு?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. சீசன் டிக்கெட்டை எந்தக் காரும் ஜெயிக்க முடியாது. பேரணி, மயிலம் என்று ஜன்னலோரம் வேடிக்கை பார்த்தபடி போகலாம். ஆனால் இவன் ஆபீஸை விட்டுக் கிளம்புகிற நேரத்துக்கு ரயில் இல்லை. (2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் ஐம்பது சென்டிமீட்டர் கொட்டி, விக்கிரவாண்டி - முண்டியம்பாக்கம் ரயில் பாலத்தில் வெள்ளம் ஏறியபோது, ரயிலே இல்லை!)

மச்சினன் பேப்பரைப் பார்த்துவிட்டு, "அப்ப மைலேஜ் ஜாஸ்தியா இருக்கறதா, பழசா, சீப்பா ஒண்ணு பிடிச்சிடலாம் மாமா" என்றான்.

இங்கேதான் பி.காம். உதவவில்லை. கரும்பு டிராக்டர் எந்தக் காலத்திலும் வரவு செலவில் வராது.

"ஏ.பி.எஸ். 2019 ஏப்ரலிலிருந்துதான் எல்லாப் புதுக் காருக்கும் கட்டாயம். முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக், 2022 ஜனவரிக்கு அப்புறம் தயாரான காரென்றால் நிச்சயம். அதற்கு முந்தையது வேண்டாம்டா" என்றேன். மோதிப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கிற குளோபல் என்.சி.ஏ.பி. சோதனையில், 2023-ல் வேகன்-ஆருக்குக் கிடைத்தது ஒன்று. அதே கம்பெனியின் புது டிசையருக்கு 2024-ல் ஐந்து. மைலேஜ் இரண்டுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்!

வசதியை ஷோரூமில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. முக்கால் மணி நேரம் ஓட்டி, இறங்கும்போது கை தானாக இடுப்புக்குப் போகிறதா என்று பார்க்க வேண்டும். ராத்திரியில் ஒருதரம் ஓட்டி ஹெட்லைட் எவ்வளவு தூரம் அடிக்கிறது என்றும் பார்க்க வேண்டும். இரண்டாம் கையில் 2022-க்குப் பிந்தைய பெட்ரோல் கார்கள் மூன்றை இப்படி ஓட்டிப் பார்த்தோம். முதலாவதில் சீட் சரியில்லை. இரண்டாவதில் மீட்டர் சொன்னதற்கும் டயர் தேய்ந்ததற்கும் சம்பந்தமே இல்லை. மூன்றாவதை முடித்தோம்.

இப்போது அவனோடு ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர் வருகிறார்கள். பெட்ரோலைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். தலைக்கு நூற்று முப்பத்து மூன்று ரூபாய் சொச்சம். தினமும் ராத்திரி போன் வரும். "அக்கா, வீட்டுக்கு வந்துட்டேன்." என் மனைவி அதற்குப் பிறகு தட்டைப் போடுகிற வழக்கம் போய்விட்டது, போனுக்கு முன்னாலேயே சாப்பிட்டுவிடுகிறாள். எனக்கும் சாப்பாடு நேரத்துக்குக் கிடைக்கிறது.

முன்பணத்தில் குறைந்ததை நான்தான் கொடுத்தேன். அது என் கணக்கில் 'வர வேண்டிய பாக்கி' என்ற தலைப்பில் இருக்கிறது. மச்சினன் வாங்கிய கடன் வாராக் கடன் என்று பி.காம். மூன்று வருஷத்தில் எவரும் சொல்லித் தரவில்லை!