காரியும் தெலூஸும்

திங்கள், இரவு

பிரெஞ்சுச் சிந்தனையாளர்கள் தெலூஸும் கத்தாரியும் காஃப்கா பற்றி 1975-இல் எழுதிய புத்தகம் முடிந்தது. காஃப்காவின் மனிதன் பூச்சியாவது உருவகமில்லையாம். குடும்பம், அலுவலகம் இரண்டின் பிடியிலிருந்தும் நழுவுகிற வழியாம். மனிதனும் விலங்கும் என்றதும் சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' நினைவுக்கு வந்தது. வத்தலக்குண்டில் வளர்ந்தவர், நம் பக்கத்து ஆள். 1959-இல் வந்த ஜல்லிக்கட்டு நாவல்.

செவ்வாய்

அப்பன் அம்புலியைக் குத்திச் சாய்த்த காரிக் காளையை அணைய வருகிறான் பிச்சி. சில நொடிகளைச் செல்லப்பா எவ்வளவு நீட்டுகிறார்! மாடு பார்க்கும் பார்வை, இவன் கால் மாற்றும் விதம், இரண்டு உடம்பும் ஒன்றையொன்று கணக்குப் போடுகின்றன. எது மனிதன், எது மாடு என்ற கோடு அங்கே அழிகிறது. தெலூஸ் இதுவரை கூட வருவார்.

காளையின் சொந்தக்காரரான ஜமீன்தார் பக்கம் திரும்பினால் தெலூஸ் போதாது. பிடிபட்ட காளையை ஜமீன்தார் சுட்டுவிடுகிறார். அவருக்குக் காரி மாடல்ல, மானத்தின் குறி. குறி அழிந்தபின் மாடு எதற்கு? இங்கே குறிகளைப் படித்துக் காட்டிய ரொலான் பார்த் வேண்டும்.

புதன்

தவசிமடைப் பக்கம் காளை வளர்க்கும் நண்பரிடம் கதையைச் சொன்னேன். "பிடிமாடாப் போச்சுன்னா வித்துருவோம் சார், சுடுவோமா?" என்றார். விற்கிறவருக்கு மாடு முதல். சுடுகிறவருக்கோ அழித்துக் காட்டினாலும் கட்டுப்படியாகும் பெருமை. இந்த வேறுபாட்டை எந்தப் பிரெஞ்சுக்காரரும் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளி

பார்த் பேச்சு தமிழிலும் உண்டு. 1982-இல் தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிசம்' நூல் வந்தது. பிறகு சிறுபத்திரிகைகளில் ஆசிரியனின் மரணம் பற்றி ஓயாத பேச்சு. பார்த் 1967-இல் அதை எழுதியபோது பிரான்ஸில் ஆசிரியன் பாடநூலிலும் பேட்டியிலும் அரியணை போட்டு அமர்ந்திருந்தான். இங்கே 'எழுத்து' பத்திரிகை நடத்திய செல்லப்பா, புத்தகங்களைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாக விற்றுக்கொண்டிருந்தார். முடியே சூட்டாதவரை எப்படி இறக்குவது?

பார்த் சொல்வதில் பிரதியை மட்டும் பார் என்ற பாதி எனக்குச் சம்மதம். ஆனால் அதைச் செல்லப்பாவே அலசல் விமர்சனமாகச் செய்து காட்டிவிட்டார், ஆங்கில விமர்சகர்களைப் படித்து. பாரிஸ் வரை போக வேண்டியதில்லை.

தியரி படித்துவிட்டு 'வாடிவாச'லுக்கு வராதீர்கள். முதலில் நாவல். சின்னதுதான், திண்டுக்கல்லில் பஸ் ஏறி, செம்பட்டி வழியாக வத்தலக்குண்டு போய்த் திரும்புவதற்குள் முடித்துவிடலாம்.