நாலு மணி

கோடை விடுமுறையில் ஒரு நாள், வெயில் தாழும் வரை வெளியே போகக்கூடாது என்று மகளை உள்ளே பிடித்து வைத்திருந்தேன். அவளுக்கு ஒன்பது வயது. கூடத்தில் பாயை விரித்து, ஒரே தலையணையில் இரண்டு பேரும் தலை வைத்துப் படுத்து ‘லாஸி கம் ஹோம்’ பார்த்தோம். 1943இல் எம்.ஜி.எம். நிறுவனம் எடுத்த வண்ணப்படம். ஒன்றரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நான் அதைப் பார்த்ததும் அன்றுதான் முதல் முறை.

இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கத்து ஊர் ஒன்று. ஜோ என்கிற பையன் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது தினமும் நாலு மணிக்கு அவனுடைய நாய் லாஸி வாசலில் வந்து நிற்கும். அது தெருவில் போவதைப் பார்த்து ஊரார் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம். ஒரு நாள் அது வரவில்லை. அப்பாவுக்கு வேலை போய்விட்டது. வீட்டில் விலைபோகிற பொருள் என்று மிஞ்சியிருந்தது அந்த நாய் ஒன்றுதான். அதைப் பிரபு ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். லாஸி தப்பித் தப்பி வீட்டுக்கே ஓடி வருகிறது. வரவரத் திருப்பிக் கொண்டுபோய் விடுகிறார்கள். கடைசியில் பிரபு அதை ஸ்காட்லாந்துக்கே கொண்டுபோய்விடுகிறார். அங்கிருந்தும் அது கிளம்பிவிடுகிறது. நூற்றுக்கணக்கான மைல் தூரம், தெற்கு நோக்கி, நடையாகவே.

“அவங்க அப்பா ஏன்மா வித்தாரு? கெட்டவரா?” என்றாள் மகள்.

“இல்லடா. காசு இல்ல.”

அவளுக்கு அந்தப் பதில் போதவில்லை. எனக்கும் போதவில்லை. ஆனால் அந்த அப்பாவின் முகத்தைப் படம் சரியாகக் காட்டுகிறது. டொனால்ட் கிரிஸ்ப் நடித்திருக்கிறார். மகனோடு பேசும்போது அவர் கண் பெரும்பாலும் வேறெங்கோ இருக்கிறது. அம்மாவாக வருகிற எல்சா லான்செஸ்டர் வாய் ஓயாமல் கடிந்துகொள்கிறார். அது கோபமில்லை என்று குழந்தைக்குக்கூடத் தெரியும். நாயை விற்றாயிற்று, இனி அது நம்முடையது இல்லை என்று இருவரும் பையனிடம் நேராகவே சொல்லிவிடுகிறார்கள். இந்தப் படத்தில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான்.

எனக்கு அப்படிச் சொல்லவில்லை.

1986இல் நாங்கள் முசிறியில் இருந்தோம். ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பாவுக்கு விருதுநகருக்கு மாற்றலாகிவிட்டது. பார்த்து வைத்திருந்த வாடகை வீட்டில் நாய் கூடாது என்றார்கள். மணி, செவலை நிறத்து நாட்டு நாய். வலது காது நுனி மட்டும் மடிந்திருக்கும். அதைக் குட்டியாக ஆற்றங்கரையிலிருந்து பாவாடையில் போட்டு நான்தான் எடுத்து வந்தேன். பள்ளிக்கூடத்து இரும்புக் கேட்டுக்கு வெளியே, ஐஸ் வண்டிக்காரர் நிற்கிற புங்கமரத்தடியில், சாயங்காலம் அது உட்கார்ந்திருக்கும். நான் வந்ததும் ஓடிவந்து மேலே தாவாது. எழுந்து உடம்பை ஒரு தரம் உதறிவிட்டு முன்னால் நடக்கும்.

லாரியில் சாமான் ஏற்றிய காலையில் மணியை எதிர்வீட்டு அத்தையின் கொல்லையில் கட்டியிருந்தார்கள். “அடுத்த லீவுக்கு வந்து கூட்டிட்டுப் போயிரலாம்” என்றார் அப்பா. நான் நம்பினேன். காலாண்டு விடுமுறையில் கேட்டேன், அரையாண்டில் கேட்டேன். பொங்கலுக்குப் பிறகு கேட்கவில்லை. அப்பா என்மேல் வைத்திருந்த பிரியத்தில்தான் அந்தப் பொய்யைச் சொன்னார் என்று இப்போது தெரிகிறது. ஆனாலும் அந்த அழுகையைக் காலையிலேயே அழ விட்டிருக்கலாம்.

படத்துக்கு வருகிறேன். வழியில் லாஸிக்கு எத்தனையோ நேர்கிறது. துப்பாக்கிச் சூடு, ஆறு, பசி. ஊர் ஊராகச் சாமான் விற்கிற ஒருவரோடு சில நாள் சேர்ந்து நடக்கிறது. அவருடைய குட்டி நாயைத் திருடர்கள் அடித்துக் கொன்ற இடத்தில் மகள் தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது அடியும் மழையும் அல்ல. வழியில் ஒரு கிழத் தம்பதி வருகிறார்கள். டேம் மே விட்டியும் பென் வெப்ஸ்டரும் நடித்தது. நிஜ வாழ்விலும் அவர்கள் கணவன் மனைவிதான். மழையில் விழுந்து கிடந்த லாஸியை உள்ளே தூக்கி வந்து, பால் கொடுத்து, அடுப்பருகே படுக்க வைத்துப் பிழைக்க வைக்கிறார்கள். அவர்களுக்கு வேறு துணையில்லை. நாய் தங்கிவிடும் என்று ஆசைப்படுகிறார்கள். அதுவோ சாயங்காலமானால் கதவுக்கும் கூடத்துக்குமாக நடக்கிறது. எங்கேயோ போக வேண்டிய நாய், நம்மிடம் மரியாதைக்காகத்தான் நிற்கிறது என்று அந்த அம்மாள் கண்டுகொள்கிறாள். இருவருமாக அதை வழியனுப்பிவைக்கிறார்கள்.

நாய் நன்றியுள்ள பிராணி என்று நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் எழுதியிருக்கிறோம். அந்த வாக்கியம் இந்த இடத்தில் நிற்பதில்லை. நன்றி மட்டும்தான் என்றால் லாஸி அந்த வீட்டிலேயே இருந்திருக்க வேண்டும். உயிர் கொடுத்தவர்கள் அவர்கள். ஜோ வீட்டில் அதற்குக் கிடைத்தது ஏழைச் சோறு. சோற்றுக்கு வாலாட்டுகிறது என்கிற கணக்கில் அந்தப் பிரியத்தை அடக்கவே முடியாது. நாலு மணிக்கு ஒருவன் வருவான், அப்போது தான் அங்கே இருக்க வேண்டும். அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். விற்றது, வாங்கியது எல்லாம் மனிதர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டது.

ஸ்காட்லாந்தில் அதற்கு முதல் கதவைத் திறந்துவிடுவதும் ஒரு குழந்தைதான், பிரபுவின் பேத்தி. பத்துப் பதினோரு வயது எலிசபெத் டெய்லர். அந்த நாய் தெற்கே போகப் பார்க்கிறது என்பது அவளுக்குப் புரிந்துவிடுகிறது.

லாஸியாக நடித்த பால் ஒரு ஆண் நாய் என்று சொன்னதும் மகள் எழுந்து உட்கார்ந்தாள். முதலில் அதை மாற்று நாயாகத்தான் வைத்திருந்தார்கள். வெள்ளத்தில் நீந்தி, கரையேறிச் சோர்ந்து விழுகிற காட்சியை அது செய்த விதத்தைப் பார்த்த பிறகு வேடமே அதற்கு வந்தது. கதையை எழுதிய எரிக் நைட் யார்க்‌ஷயரில் பிறந்தவர். 1938இல் சிறுகதையாக எழுதி, 1940இல் நாவலாக்கினார். படம் 1943 அக்டோபரில் வந்தது. அவர் பார்க்கவில்லை, அந்த ஜனவரியில் சூரினாம் காட்டில் விழுந்த ராணுவ விமானத்தில் அவரும் இருந்தார். படத்தை அவருக்குக் காணிக்கையாக்கியிருக்கிறார்கள். வீடு திரும்புகிற கதையை எழுதியவருக்கு இப்படி ஒரு முடிவு என்று நினைக்கும்போது இன்னும் மனசு கனக்கிறது.

லாஸி பள்ளி வாசலுக்கு நொண்டி நொண்டி வந்து சேர்கிற இடத்தில் மகள் கைதட்டினாள். நான் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன்.

முசிறி அத்தையைப் பல வருடம் கழித்து, என் கல்யாணத்தின்போதுதான் பார்த்தேன். பட்டுப்புடவையில், மாலையோடு, அவர் கையைப் பிடித்துக்கொண்டு மணியைப் பற்றிக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

“நல்லாத்தான் பாத்துக்கிட்டேன்டி. மீன் வாங்கினா தலையப் போட்டுப் பெசஞ்சு வெப்பேன். வாங்கிச் சாப்பிடும். சாயங்காலம் ஆனா கயித்த இழுக்கும் பாரு, கழுத்தெல்லாம் புண்ணு. நாலு நாள் பொறுத்தேன். அப்புறம் அந்நேரத்துக்கு அவுத்து விட்டுருவேன். போய் அந்த மரத்தடில உக்காந்துட்டு, கேட்டு பூட்டினதும் வந்துரும்.”

“எத்தன நாள் அத்த?”

“ஐப்பசி மழை புடிக்கிற வரைக்கும் போச்சு. அதுக்கப்புறம் போகல. மணி அடிக்கிற சத்தம் கேட்டா மட்டும் எந்திரிச்சு, ஒடம்ப ஒரு ஒதறு ஒதறும். அப்படியே கொஞ்ச நேரம் நின்னுட்டுப் படுத்துக்கும்.”