நாதி

'அநாதை' என்ற சொல்மீது எனக்குச் சந்தேகம் வந்து சில வருஷங்களாகின்றன. நம் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு இல்லங்களில் வரிசையாக உட்காரும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ, ஒரு பாட்டியாவது, இருக்கிறார்கள். இல்லாதது அரிசி, வாடகை, பள்ளிக்கூடம் அனுப்ப வகை. வறுமையை அநாதைத்தனம் என்று மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம். மூலத்தையே அழித்துவிடக்கூடிய மொழிபெயர்ப்பு. பத்து வருஷம் இல்லத்தில் வளர்ந்து ஊர் திரும்புகிறவன் நிஜமாகவே நாதியற்றவனாகிவிடுகிறான்.

இந்தக் காரியத்தை ஒரு தேசமே செய்து பார்த்திருக்கிறது. ருமேனியாவில் ஜனத்தொகையைப் பெருக்க 1966இல் சௌஷெஸ்கு கருக்கலைப்பைத் தடைசெய்தார். வளர்க்க முடியாதவர்கள் பிள்ளைகளை அரசு இல்லங்களில் விட்டார்கள். 1989இல் ஆட்சி விழுந்தபோது இல்லங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள். அங்கும் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உண்டு.

பிறகு புக்காரெஸ்டில் ஓர் ஆராய்ச்சி நடந்தது. இல்லங்களிலிருந்த, மூன்று வயது நிரம்பாத 136 குழந்தைகள். குலுக்கலில் 68 பேர், பணமும் ஆலோசனையும் தரப்பட்ட வளர்ப்புக் குடும்பங்களுக்குப் போனார்கள். 68 பேர் இருந்த இடத்திலேயே. வீட்டுக்குப் போனவர்கள் அறிவு வளர்ச்சியில் தேறினார்கள். இரண்டு வயதுக்கு முன்பே போனவர்கள் இன்னும் நன்றாக. இந்த முடிவு 2007இல் வெளியாயிற்று. எனக்கு நினைவில் நிற்பது மற்ற 68. வேறு வழியில் குடும்பம் கிடைத்தால் அவர்கள் போகலாம், ஆராய்ச்சி குறுக்கே நிற்காது என்று விதி வைத்திருந்தார்கள். நியாயமான விதிதான். ஆனாலும் எந்தப் பாட்டிக்கும் தெரிந்த ஒன்றை அரசாங்கங்களுக்கு நிரூபிக்கக் குலுக்கல் தேவைப்பட்டிருக்கிறது. 2004இல் அங்கே ஒரு சட்டம், இரண்டு வயதுக்குட்பட்டவர்களை இல்லத்தில் சேர்ப்பதை நிறுத்தியது. கடுமையான ஊனமுள்ளவர்கள் நீங்கலாக. அந்த 'நீங்கலாக'வைப் படித்த பிறகு கொண்டாட முடியவில்லை.

நம் 2015ஆம் வருஷத்துச் சிறார் நீதிச் சட்டமும் இல்லம் கடைசி வழி என்கிறது. மிஷன் வாத்சல்யா என்ற மத்தியத் திட்டத்தில், விதவைத் தாயிடமோ உறவினரிடமோ வளரும் ஏழைப் பிள்ளைக்கு 2022 முதல் மாதம் 4,000 ரூபாய். இல்லத்துக்குக் கட்டடம் தந்தால் கல்லில் பெயர் வெட்டுவார்கள். பாட்டி வீட்டுச் சுவரில் 'உபயம்' எழுத இடமில்லை. இந்த வழிக்கு நன்கொடையாளர்கள் குறைவாயிருப்பதற்கு வேறு தத்துவக் காரணம் தேட வேண்டாமென்று படுகிறது.

இந்தத் தொகை வரும் கணக்குகள் சில எங்கள் கிளையிலும் உண்டு. ஒரு பாட்டி பேரனோடு வருவாள். சலானை அவன் நிரப்புவான், அவள் கைநாட்டு வைப்பாள். ஒரு தடவை மூன்று மாதம் பணம் வரவில்லை. எங்கே நின்றது என்று கவுண்டரிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. நாலாவது முறை அவள் தனியாக வந்தாள், கையில் ஒரு வெள்ளைத்தாளோடு.

"விடுதியில சேர்க்க ஒரு மனு எழுதிக் குடு தம்பி. அங்க வேளைக்குச் சோறு போடுவாங்கல்ல?"

சாயங்காலம் எழுதுகிறேன் என்று வாங்கி வைத்தேன். அந்த வாரமே பன்னிரண்டாயிரம் சேர்ந்தாற்போல் வந்தது. தாள் என் இழுப்பறையில் கிடக்கிறது. அவள் கேட்கவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.