அப்பாவின் லென்ஸோடு தேக்கா வரை

நகர மண்டப எம்ஆர்டி நிலையத்திலிருந்து வெளியே வந்து நார்த் பிரிட்ஜ் சாலையைக் கடந்தால் கோல்மன் ஸ்திரீட் வந்துவிடும். அங்குள்ள பெனின்சுலா கடைத்தொகுதிக்குள் நுழைந்தால் கித்தார் விற்கும் கடை, காற்பந்துச் சட்டை விற்கும் கடை, அவற்றுக்கு நடுவே பழைய கேமரா விற்கும் கடைகள். கண்ணாடி அலமாரிகளில் லென்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு சிறிய விலைச்சீட்டு. சிலவற்றில் விலைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு: உள்ளே கொஞ்சம் தூசி, ஓரத்தில் பூஞ்சை, வளையம் சற்று இறுக்கம்.

இந்த வட்டாரத்துக்கும் கேமராவுக்கும் உள்ள உறவு பழையது. பக்கத்திலிருக்கும் ஹை ஸ்திரீட்டில்தான் 1867-ல் ஜெர்மானியரான ஜி.ஆர். லாம்பர்ட் தம் படப்பிடிப்பு நிலையத்தைத் திறந்தார். அந்தக் காலச் சிங்கப்பூர் என்று நாம் இன்று பார்க்கும் பல படங்கள் அவருடைய நிறுவனம் எடுத்தவை.

சனிக்கிழமை பிற்பகலில் போனால் இக்கடைகளில் இரண்டு தலைமுறையைப் பார்க்கலாம். கல்லாவுக்குப் பின்னால் எழுபதைத் தொடும் சீன அங்கிள்கள். முன்னால் இருபதுகளில் இருக்கும் பிள்ளைகள், கழுத்தில் புத்தம் புதிய டிஜிட்டல் கேமரா. அவர்கள் தேடுவது தங்களைவிட வயதில் மூத்த லென்ஸை.

பழைய கண், புதிய உடம்பு

1985-ல் மினோல்டா 7000 வந்த பிறகு தானியங்கி ஃபோகஸ் மெல்ல எல்லோர் கைக்கும் வந்தது. அதற்கு முன் செய்த லென்ஸ்களில் மின்சுற்று கிடையாது, மோட்டார் கிடையாது. இரண்டு வளையங்கள் மட்டும்தான். ஒன்றைத் திருப்பினால் ஃபோகஸ், மற்றொன்றைத் திருப்பினால் உள்ளே வரும் ஒளியின் அளவு மாறும்.

அவை மறுபிறவி எடுத்ததற்குக் காரணம், கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள். பழைய ஃபிலிம் கேமராவுக்குள் ஒரு சாய்ந்த கண்ணாடி இருக்கும். அது மேலும் கீழும் அசைய இடம் வேண்டும் என்பதால் லென்ஸைப் பிலிமிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள். மினோல்டாவில் அந்தத் தூரம் 43.5 மில்லிமீட்டர், நிக்கானில் 46.5, பழைய கேனான் எஃப்டி லென்ஸில் 42. சோனியின் இன்றைய மிரர்லெஸ் கேமராவில் அது வெறும் 18 மில்லிமீட்டர். இடையில் மிஞ்சும் இடத்தை ஓர் உலோக வளையத்தால் நிரப்பினால் போதும், லென்ஸ் தன் பழைய தூரத்தில் போய் நின்றுகொள்ளும். அந்த வளையத்தைத்தான் அடாப்டர் என்கிறோம். சாதாரண அடாப்டருக்குள் கண்ணாடி எதுவும் இல்லை. அதனால் படத்தின் தரமும் குறையாது.

ஃபுல் ஃப்ரேம் ஏன் முக்கியம்? பழைய 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் ஒரு படத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேம் கேமராவின் உணரியும் அதே அளவு. அதைவிடச் சிறிய உணரியில் 50 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டால் ஓரங்கள் வெட்டுப்பட்டு, 75 மில்லிமீட்டர் லென்ஸ்போல் குறுகலாகத் தெரியும். ஃபுல் ஃப்ரேமில் மட்டுமே அந்த லென்ஸ் அன்று பார்த்த அகலத்தை இன்றும் பார்க்கும். 2013-ல் சோனி ஏ7 வந்ததும் இது பலருக்கும் எட்டியது. 2018-ல் நிக்கானும் கேனானும் சேர்ந்துகொண்டன.

வலைபோல் படர்ந்த பூஞ்சை

என் கையில் இருப்பது மினோல்டா 50 மில்லிமீட்டர் எஃப்1.7. துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா வாங்கியது. எங்கள் வீட்டு ஆல்பத்தில் உள்ள முக்கால்வாசிப் படங்களை எடுத்தது இதுதான். அப்பா காலமான பிறகு அலமாரியில் துணிகளுக்கு நடுவே இருந்தது. கைவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது முன் கண்ணாடிக்குப் பின்னால் சிலந்தி வலை போல ஒன்று படர்ந்திருந்தது.

நம் ஊர்க் காற்றில் ஆண்டு முழுவதும் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். மெல்லப் பரவி, நாளாக நாளாகக் கண்ணாடியின் மேல்பூச்சையே அரித்துவிடும். அப்படி அரித்த தழும்பு துடைத்தாலும் போகாது.

பழுதுபார்க்கும் அங்கிள் லென்ஸை வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "கழற்றினால்தான் தெரியும். பூச்சு போயிருந்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றார். எத்தனை ஆண்டாக இந்த வேலை செய்கிறீர்கள், யாராவது கற்றுக்கொள்கிறார்களா என்று கேட்டேன். சிரித்தார். "பையன் வங்கியில் வேலை பார்க்கிறான்."

பத்து நாள் கழித்துப் போனபோது லென்ஸ் துடைத்த தாம்பாளம்போல் இருந்தது. ஓரத்தில் மட்டும் மயிரிழை அளவு தழும்பு. படத்தில் தெரியாது, வெயிலுக்கு நேரே பிடித்தால் மட்டும் கொஞ்சம் மங்கும் என்றார். இத்தகைய கைகள் இன்னும் எத்தனை நாளைக்கு இந்தக் கடைகளில் இருக்கும் என்ற கேள்வியோடுதான் வெளியே வந்தேன்.

வெள்ளைச் சுவரில் முதல் படம்

பழைய லென்ஸைச் சோதிக்க எதிரே இருக்கும் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயம் நல்ல இடம். இப்போதுள்ள கட்டடம் 1850களில் தொடங்கி, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. சுவருக்குப் பூசியது மெட்ராஸ் சுண்ணாம்பு. சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை சேர்த்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீரில் குழைத்து, காய்ந்த பின் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். நம் ஊர்க் கைவேலை.

புதிய லென்ஸ் அந்தச் சுவரைப் பளீரென்று காட்டும். பழைய லென்ஸின் மேல்பூச்சு அவ்வளவு வலுவானதல்ல. வெளிச்சம் உள்ளுக்குள் சிதறி, நிழலும் ஒளியும் ஒன்றோடொன்று கொஞ்சம் கலந்து, சுவர் பால் ஆடை போலத் தெரிகிறது. இதைக் குறை என்பவர்களும் உண்டு, அழகு என்பவர்களும் உண்டு. எனக்கு எங்கள் ஆல்பத்தின் நிறம் நினைவுக்கு வந்தது.

அதே தூண், அதே ஓரம்

நகர மண்டபத்திலிருந்து ஒரு நிறுத்தம் தோபி காட். அங்கே ரயில் மாறினால் அடுத்த நிறுத்தம் லிட்டில் இந்தியா. பஃபலோ சாலைப் பக்கம் ஏறி வந்தால் காய்கறிக் கடைகளும் மாலைக் கடைகளும். எதிரே தேக்கா நிலையம். 1982-ல் இப்போதைய கட்டடம் வந்தபோது சூஜியாவ் நிலையம் என்று பெயர். 2000-ல்தான் தேக்கா என்ற பெயர் திரும்ப வந்தது. அப்பா கடைசி வரை கேகே மார்க்கெட் என்றே சொன்னார். மலாயில் கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைத் தொழுவம். மாட்டு வணிகம் போய்விட்டது. பஃபலோ, கெர்பாவ் என்ற சாலைப் பெயர்கள் நிற்கின்றன.

பையில் அப்பா 1986-ல் எடுத்த படம் ஒன்று இருந்தது. ஐந்தடி நடைபாதை, மூன்று தூண்கள், கையில் பையோடு அம்மா. லிட்டில் இந்தியா 1989-ல் பாதுகாக்கப்பட்ட வட்டாரமாக அறிவிக்கப்பட்டதால் பழைய கடைவீடுகள் பல தப்பின. தூண்களைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை. அப்பா நின்ற இடத்தைத்தான் தேட வேண்டியிருந்தது.

அதே லென்ஸ், அதே அளவு சட்டம் என்பதால் கணக்கு எளிது. படத்தின் இடது ஓரத்தில் முதல் தூண் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. என் கேமராவிலும் அது அதே இடத்தில் வெட்டுப்படும் வரை பின்னால் நகர்ந்தேன். ஓரடி, இரண்டடி. கடைசியில் முதுகு ஒரு கடையின் அரிசி மூட்டையில் இடித்தது. மூன்று தூண்களும் படத்தில் உள்ளபடியே வந்து நின்றன. முப்பத்தாறு படம்தான் என்று எண்ணி எண்ணி அழுத்தியவர், அம்மா முழுதாக வரவேண்டும் என்று இவ்வளவு தூரம் பின்னால் வந்திருக்கிறார். வீட்டில் ஆல்பத்தைப் புரட்டியபோது இது எனக்குத் தெரிந்ததில்லை.

கேட்டுவிட்டு எடுப்பது

பக்கத்து மாலைக் கடை அண்ணன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தம்பி, பழைய கேமராவா?"

"கேமரா புதுசுண்ணே, கண்ணாடிதான் பழசு. உங்களை ஒரு படம் எடுக்கலாமா?"

"எடுங்க. கட்டி முடிச்சிடட்டுமா?"

"கட்டிக்கிட்டே இருங்கண்ணே."

லென்ஸை முழுதாகத் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய ஒரு சாண்கூட இல்லை. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் கையிலுள்ள மல்லிகை மங்கும். வளையத்தை மெதுவாகத் திருப்பிச் சரிசெய்ய நாலைந்து நொடி ஆகும். அந்த நாலைந்து நொடியில் எதிரே இருப்பவருக்கு நாம் என்ன செய்கிறோம் என்று தெரிந்துவிடும். வேண்டாம் என்றால் சொல்லவும் நேரம் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேக்காவுக்கு வரும் வெளிநாட்டு ஊழியர்களைத் தூரத்திலிருந்து சுட்டுவிட்டுப் போகும் படக்காரர்கள் நிறைய. வாரத்தில் ஒரு நாள் ஓய்வாக உட்கார்ந்து ஊருக்குப் பேசும் மனிதர் அவர். கேட்டால் பெரும்பாலும் சம்மதிப்பார்கள். எடுத்ததைத் தங்களுக்கும் அனுப்பச் சொல்வார்கள், வீட்டுக்கு அனுப்புவதற்காக.

நீங்களும் போக விரும்பினால்

மாலைக் கடைகளுக்குக் காலை எட்டு மணி வெளிச்சம் நல்லது. தீபாவளி ஒளியூட்டு நாள்களில் சிராங்கூன் சாலைக்கு இரவில் போங்கள். லென்ஸை முழுதாகத் திறந்தால் தூரத்து விளக்குகள் வட்ட வட்டமாக மலரும். ஆள் நடமாட்டத்தைப் படமெடுக்க 35 மில்லிமீட்டர் லென்ஸ் இருந்தால் எஃப்8-ல் வைத்து 3 மீட்டரில் நிறுத்திவிடுங்கள். ஏறக்குறைய 2 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை எல்லாம் தெளிவாக வரும், வளையத்தைத் தொடவே வேண்டாம்.

கேமராவில் இரண்டு அமைப்புகளை மாற்ற வேண்டும். லென்ஸ் இல்லாமலும் படமெடுக்கும் வசதியை இயக்குங்கள். நடுக்கத்தைக் குறைக்கும் வசதி இருந்தால் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணை நீங்களே பதியுங்கள். விளிம்பை நிறமிட்டுக் காட்டும் வசதியும் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியும் ஃபோகஸ் வைக்கத் துணை செய்யும்.

பழைய லென்ஸ் வாங்குவதற்குமுன் வீட்டு அலமாரியை ஒருமுறை பாருங்கள். அப்பாவுடையதோ மாமாவுடையதோ ஒன்று கிடைத்தால் பின்பக்கமிருந்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள். வலைபோல் தெரிந்தால் தாமதிக்காமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள், பூஞ்சை காத்திருக்காது. சுத்தமாக இருந்தால் துணிகளுக்கு நடுவிலிருந்து எடுத்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகள் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வையுங்கள். கூடவே பழைய ஆல்பத்தையும் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் அருகில் இருக்கும்போதே, இந்தப் படத்தை எங்கே நின்று எடுத்தீர்கள் என்று கேட்டு, படத்தின் பின்னால் பென்சிலால் எழுதிவிடுங்கள்.