விளக்கு எரியாத ஜன்னல்கள்

மாலை வேளையில் தெருவோடு போகும்போது அடுத்தவர் வீட்டு ஜன்னலைப் பார்ப்பது நல்ல பழக்கமல்ல. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு அதை விட்டால் பிழைப்பேது? ஒரு ஜன்னலில் விளக்கு எரிந்தால் போதும். உள்ளே ஒரு குடும்பத்தைக் குடிவைத்து, மாமியாருக்கும் மருமகளுக்கும் ஒரு சண்டையையும் மூட்டிவிட்டு வந்துவிடுவேன்.

அப்படிப்பட்ட என் கண்ணில் 2010-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு புகைப்படம் பட்டது. சீனாவில், உள் மங்கோலியாவில், ஓர்டோஸ் என்று ஒரு நகரம். மங்கோலிய மொழியில் ‘அரண்மனைகள்’ என்று பொருள். நிலக்கரியால் திடீர்ப் பணக்காரனான ஊர். பழைய ஊருக்குச் சுமார் 25 கிலோமீட்டர் தள்ளி, காங்பாஷி என்று புதிதாக ஒரு நகரத்தையே எழுப்பிவிட்டார்கள். அகன்ற சாலைகள், சதுக்கத்தில் முன்னங்கால் தூக்கிய பிரம்மாண்டமான குதிரைச் சிலைகள், வரிசை வரிசையாக மாடி வீடுகள். மனிதர்களைத்தான் காணோம். ‘பேய் நகரம்’ என்று பத்திரிகைகள் பெயர் வைத்தன.

எனக்குக் கை துறுதுறுத்தது. ஆளில்லாத ஊரில் ஒற்றைக் கிழவன் என்று ஒரு கதையைத் தொடங்கினேன். பாதியில் ஒரு சந்தேகம் குறுக்கிட்டது: இந்த வீடுகள் யாருடையவை?

தேடிப் படித்தேன். பூட்டிக் கிடந்தவற்றில் பல, விற்றுப்போன வீடுகள்! வங்கி வட்டி சொற்பம். பங்குச் சந்தையில் நம்பிக்கையில்லை. நிலக்கரிக்காக நிலத்தைக் கொடுத்து நஷ்டஈடு பெற்றவரும், சுரங்கத்தால் சம்பாதித்தவரும் நகையை வாங்கிப் பெட்டியில் வைப்பதுபோல் வீட்டை வாங்கிப் பூட்டிவைத்தார்கள். உள்ளூர் அரசுக்கோ நில உரிமையை விற்பதில்தான் பெரிய வருமானம். விற்றவருக்கும் திருப்தி, வாங்கியவருக்கும் திருப்தி. குடியிருக்கப் போகிறவரைத்தான் யாரும் நினைக்கவில்லை.

பிறகு பெயர்பெற்ற பள்ளிக்கூடங்களை அங்கே கொண்டுவந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பங்கள் வந்தன. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் காங்பாஷியில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள். முதலில் போட்ட திட்டத்துக்கு அது மிகக் குறைவு. ஆனாலும் பேய் ஓடிவிட்டது.

இதைப் படித்தபோது எனக்கு மகிழ்ச்சி பிறக்கவில்லை. ‘கதை கெட்டதே!’ என்றுதான் தோன்றியது. ஓர் ஊர் பாழாகவே கிடக்க வேண்டுமென்று உள்ளூர ஆசைப்பட்டிருக்கிறேன்! வெட்கத்தோடு காகிதங்களைக் கிழித்துப் போட்டேன்.

ஆளில்லாத வீட்டின் கதை அப்படி முடிந்தது. வீடில்லாத ஆளின் கதை பின்னால் வந்தது. கட்டி முடிப்பதற்கு முன்பே பணம் வாங்கிவிடுவது அந்நாட்டு வழக்கம். கட்டுமானக் கம்பெனிகள் கடனில் மூழ்கின, வேலை நின்றது. 2022-இல் பல நகரங்களில் வீடு வாங்கியவர்கள், வேலை தொடரும்வரை தவணை கட்டமாட்டோம் என்று அறிவித்தார்கள். வாடகையும் தவணையும் சேர்ந்து கழுத்தை நெரிக்கவே, சிலர் மின்சாரமும் தண்ணீரும் இல்லாத அந்த அரைகுறைக் கட்டடங்களிலேயே குடியேறினார்கள்.

அங்கே ஏதோ ஒரு மாடியில், கதவில்லாத ஜன்னலில், ஒரு கைவிளக்கு எரிந்திருக்கும். அந்த ஜன்னலுக்குள் மட்டும் நான் யாரையும் குடிவைக்கவில்லை.