மீண்டும் வந்த அச்சம்



பல ஆண்டுகளாக என்னோடிருக்கும் ஒரு வியாதியைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். முன்பு ஒருமுறை இதைக் குறித்துச் சபையில் சாட்சி சொல்லியிருக்கிறேன். அன்று சொன்னதைத் திருத்தவேண்டிய கடன் எனக்கு உண்டு.

2016ஆம் ஆண்டு ஓர் இரவில் உறக்கத்திலிருந்து விழித்தேன். நெஞ்சு அடித்துக்கொண்டது, விரல்கள் மரத்தன, சாகப்போகிறேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்தார்கள், இருதயத்தில் குறை இல்லை. அடுத்த மாதத்திற்குள் அதுவே நான்குமுறை வந்தது. மனநல மருத்துவர் அதற்குப் ‘பேனிக் அட்டாக்’ என்று பெயர் சொன்னார். ஆபத்தே இல்லாத நேரத்தில் உடல் ஆபத்து மணியை அடித்துவிடுகிறது. வேகமாக மூச்சு வாங்குவதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல்கள் மரக்கின்றன. பெரும்பாலும் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்தைத் தொட்டுப் பிறகு தணியும் என்று விளக்கினார். மாத்திரை தந்தார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றும், நானாக நிறுத்தக்கூடாது என்றும் எச்சரித்தார். படிப்படியாகக் குணமடைந்தேன். அவருடைய ஆலோசனைப்படியே, மாதக்கணக்கில் அளவைக் குறைத்து, மாத்திரையை நிறுத்தினேன்.

2019 புத்தாண்டு ஆராதனையில் சாட்சி சொன்னேன். “கர்த்தர் என்னை முற்றிலும் விடுவித்தார், இன்று ஒரு மாத்திரையும் இல்லை” என்றேன். சபையார் கைதட்டினார்கள். மருத்துவரைப் பற்றி நான் சொல்லவில்லை. அந்த விவரம் சாட்சியின் அழகைக் கெடுத்துவிடும் என்று அப்போது எனக்குத் தோன்றிற்று.

அந்த ஆண்டு ஜூலையில் நம் ஊர் எப்படியிருந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை நிகழும் அத்திவரதர் தரிசனம். 48 நாட்களும் தெருவெல்லாம் மனிதத் தலைகள். காந்தி சாலைக் கூட்டத்தில் முன்னேயும் போகமுடியாமல் பின்னேயும் திரும்பமுடியாமல் நின்றபோது, அது மறுபடியும் வந்தது. வீட்டில் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அடுத்த ஞாயிறு சமாதானத்தைக் குறித்துப் பிரசங்கித்தேன்.

செப்டம்பரில் பிள்ளையார்பாளையத்துச் சகோதரி ஒருவர் கணவரோடு வந்தார். அவருக்கும் இதே வியாதி என்பது எனக்குத் தெரியாது. என் சாட்சியைக் கேட்ட மறுநாளே, மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார். தலைசுற்றலும் நடுக்கமும் வந்தன. பிறகு பழைய அச்சம் முன்னிலும் கடுமையாகத் திரும்பியது. கோர்வைச் சேலை நெய்ய இருவர் வேண்டும். மறுகரைக்கு நாடாவை எறிய ஓர் ஆள் உட்காரவேண்டும். அவரால் குழித்தறியின் பக்கம் உட்காரவே முடியவில்லை. பாதி நெய்த சேலை தறியிலேயே கிடந்தது. வாங்கிய முன்பணம் கடனாக நின்றது.

“ஐயா, உங்களுக்கு இருக்கிற விசுவாசம் எனக்கு ஏன் இல்லை?” என்று கேட்டார்.

அந்த மாதத்தில் மட்டும் எனக்கு மூன்றுமுறை வந்திருந்தது. அதைச் சொன்னேன். மாத்திரையை எப்படி நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் நான் திரும்பச் சாப்பிடலாமா?” என்றார். இதற்கு என் அனுமதி தேவைப்படும் நிலைக்கு அவரைக் கொண்டுவந்தது நான்தான். மறுநாள் மூவரும் மருத்துவரிடம் போனோம்.

நான் மறைத்ததை மறைக்காத ஒரு போதகர் இருந்தார். 1856 அக்டோபர் 19 அன்று லண்டன் சர்ரே தோட்ட மண்டபத்தில் சார்லஸ் ஸ்பர்ஜன் பிரசங்கித்துக்கொண்டிருந்தபோது, “நெருப்பு” என்று யாரோ பொய்யாகக் கூவ, நெரிசலில் 7 பேர் இறந்தார்கள். அவருக்கு வயது 22. அதன்பின் மனச்சோர்வு அவரை வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பப் பிடித்தது. தம்மிடம் ஊழியப் பயிற்சி பெற்ற மாணவர்களிடம் அவர் இதை ஒளிக்கவில்லை. அதையே ஒரு விரிவுரையாக்கினார். எலியாவின் வரலாற்றையும் (1 இராஜாக்கள் 19) நான் அவசரமாகவே வாசித்திருந்தேன். சூரைச்செடியின்கீழ்ச் சாவை வேண்டிக் கிடந்தவனைத் தேவதூதன் கண்டிக்கவில்லை. உணவு தந்தான்; தூங்கவிட்டான்; மறுபடியும் உணவு தந்தான்.

ஓராண்டு நான் காந்தி சாலையைத் தவிர்த்துச் சந்துகள் வழியே சுற்றிப்போனேன். ஒதுங்க ஒதுங்க அச்சம் வளரும் என்றார் மருத்துவர். மனைவி துணைக்கு வர, ஒரு கடைவாசலிலிருந்து அடுத்த கடைவாசல்வரை நடந்து பழகினேன். வெட்கமாகத்தான் இருந்தது. அச்சம் வரும்போது மூச்சை இழுத்துப்பிடிக்காமல் மெதுவாக நீளமாக வெளியே விடுகிறேன். மாத்திரையை இன்றும் சாப்பிடுகிறேன். உங்களில் எவருக்காவது முதன்முறையாக நெஞ்சு அடைத்தால், பதற்றம்தான் என்று நீங்களே முடிவு செய்யாமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நள்ளிரவில் பேச ஆள் இல்லையென்றால் அரசின் டெலி மனஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம். என்னையும் அழைக்கலாம். ஜெபிப்பேன், மாத்திரையை நிறுத்தச் சொல்லமாட்டேன்.

சென்ற வியாழக்கிழமை ஒரு வீட்டிற்கு ஜெபிக்கப் போகும் வழியில், காந்தி சாலையில் மறுபடியும் வந்தது. ஒரு பட்டுக்கடைப் படியில் உட்கார்ந்தேன். கடைப்பையன் தண்ணீர் கொண்டுவந்து, “நெஞ்சுவலியா ஐயா?” என்றான்.

“இல்லை தம்பி, பழைய பதற்றம். கொஞ்ச நேரத்தில் போய்விடும்” என்றேன்.

பன்னிரண்டு நிமிடம் ஆயிற்று. பிறகு எழுந்து, போகவேண்டிய வீட்டிற்குப் போனேன்.