கயிறு யார் கையில்?

ஆபத்து வந்தால் மனிதன் மிருகமாகிறான் என்பர் சிலர். அப்போதுதான் அவனுள் உறங்கும் நன்மை விழிக்கிறது என்பர் வேறு சிலர். இரண்டும் பாதி உண்மையே என்பது என் எண்ணம்.

1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பல் மூழ்க இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாயிற்று. அதிலிருந்த பெண்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் பிழைத்தனர். ஆண்களில் ஐவருக்கு ஒருவரே பிழைத்தார். 1915 மே மாதம் தாக்கப்பட்ட லூசித்தானியாவோ 18 நிமிடங்களில் மூழ்கிற்று. அங்கே பெண்களுக்கு முன்னுரிமை கிட்டவில்லை. இளமையும் வலிமையும் உள்ளோரே மிகுதியாகத் தப்பினர். 2010-இல் இவ்விரண்டையும் ஒப்பிட்ட அறிஞர்கள், நேரம் குறைந்தால் இயல்பூக்கம் வெல்கிறது. நேரமிருந்தால் சமுதாய நெறி தலைதூக்குகிறது என்றனர். ஆயின் 2012-இல் வேறிருவர் 18 கப்பல் விபத்துகளை ஆராய்ந்து, பொதுவாகப் பெண்களே அதிக விகிதத்தில் மாண்டனர் எனக் கண்டனர். பெண்களையும் குழந்தைகளையும் முதலில் காக்குமாறு கப்பல் தலைவர் ஆணையிட்டபோதுதான் அவர்கள் நிலை மேம்பட்டது. ஆகவே, நேரம் மட்டும் போதாது. நெறியை வாய்விட்டுச் சொல்ல ஒருவர் வேண்டும்.

நம் கடற்கரை முன்னோர் இன்னும் ஒரு படி முன்னே சென்றனர். முத்துக் குளிப்பவன் கல்லின் பாரத்தால் ஆழத்தில் இறங்குவான்; அவன் உயிர், தோணியில் கயிறு பிடிப்பவன் கையில் இருக்கும். அக்கயிற்றை மைத்துனனிடமே கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். உடன்பிறந்தவள் தாலியிழக்க எவன் கை சோர்வான்? மூச்சு முட்டும் நொடியில் அன்பைத் தேடிக்கொண்டிருக்க இயலாது. எனவே மூழ்குமுன்னரே அதைக் கயிற்றோடு பிணைத்தார்கள். தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு ஓய்ந்தாலும், அந்த ஞானம் ஓயவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் மாவட்டத்தை மழை மூழ்கடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட இரயில், பாதை அரிக்கப்பட்டதால் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றது. வெள்ளத்தின் நடுவே இருந்த புதுக்குடி மக்கள், தம் கையிலிருந்ததைச் சேர்த்துச் சமைத்து, நிலையத்தில் சிக்கியவர்களுக்கு உணவளித்தனர். பசித்து வந்தவனை ஊர் பேர் கேளாமல் உண்பிக்கும் பழக்கம் அவ்வூரில் அன்றா தோன்றியிருக்கும்?

எங்கள் தெருவிலும் அவ்விரவில் நீர் ஏறிற்று. முதலில் அவரவர் அரிசி மூட்டையையும் பத்திரங்களையும் பரணில் ஏற்றுவதிலேயே இருந்தோம். அதில் குற்றமில்லை, உயிரினத்தின் இயல்பு அது. அப்போது தெருக்கோடி மாடிவீட்டு மூதாட்டி, "மாடியில்லாத வீட்டுப் பிள்ளைகளையெல்லாம் இங்கே தூக்கி வாருங்கள்!" என்று குரல் கொடுத்தார். அதன்பின் எவர் பிள்ளை என்று எவரும் பார்க்கவில்லை. பிள்ளைகளுக்குப்பின் முதியோரைத் தூக்கிவர எவரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. சற்றுமுன் பரணருகே நின்ற அதே மனிதர்கள்தாம்!

ஒவ்வொரு தெருவிலும் அத்தகைய குரல் எழும் என்பது உறுதியன்று. ஆகவே, குடும்பத்தினரே, அடுத்த ஐப்பசி மழைக்கு முன் ஒரு மாலை கூடிப் பேசுங்கள். படுக்கையில் கிடக்கும் அண்டை வீட்டுப் பெரியவரைத் தூக்கப் போவது யார்? தனித்திருக்கும் கர்ப்பிணியின் கதவைத் தட்டப் போவது யார்? பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். பிள்ளைகளும் அருகிருந்து கேட்கட்டும்.